மனுவோடு வந்த படைவீரர்கள்: கோல்ட் கோஸ்ட் கானாவான கதை

கானா நாட்டு ராணுவத் தலைமையகம் அக்ராவில் இருக்கும் வளாகத்துக்குப் பர்மா கேம்ப் என்று பெயர். தக்கோராடி துறைமுக நகரில் உள்ள படைக் குடியிருப்பின் பெயர் மியோஹாங். மியோஹாங் பர்மாவின் அரக்கான் பகுதியில் இருக்கும் பழைய தலைநகரம்; இன்றைக்கு ம்ராக்-ஊ என்கிறார்கள். வங்காள விரிகுடாப் பக்கம் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அட்லாண்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர்.

அந்தப் போரையும் கானாவின் விடுதலையையும் இணைத்துச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனியிலிருந்து கறுப்பினச் சிப்பாய் பர்மாவுக்குப் போனான். வெள்ளைக்காரனும் பயப்படுவான், குண்டுபட்டால் சாவான் என்று நேரில் கண்டான். இந்தியாவில் விடுதலைப் போராட்டத்தைப் பார்த்தான். கண்திறந்து ஊர் திரும்பி, 1948 பிப்ரவரியில் ஆளுநரின் மாளிகையை நோக்கி நடந்தான். ஒன்பது ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் பாதிதான் தேறுகிறது. அந்தச் சிப்பாய்கள் விடுதலை கேட்டு நடக்கவில்லை. தங்களுக்குச் சேரவேண்டியதைக் கேட்டு ஒரு மனுவை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மனு எப்படி ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கையே மாற்றியது என்பதுதான் விளக்கப்பட வேண்டியது.

போரில் பங்கெடுத்தாலே விடுதலை வந்துவிடும் என்றால், கோல்ட் கோஸ்டுக்கு அது 1918லேயே வந்திருக்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் சார்பில் முதல் துப்பாக்கிக் குண்டைச் சுட்டவர் என்று பதிவாகியிருப்பவர் கோல்ட் கோஸ்ட் படைப்பிரிவைச் சேர்ந்த அல்ஹாஜி குருன்ஷி. 1914 ஆகஸ்டில், பக்கத்து ஜெர்மன் காலனியான டோகோலாந்தில் அவர் சுட்டார். அதே படைப்பிரிவு பிறகு கேமரூனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சண்டையிட்டது. போர் முடிந்ததும், 1920இல், வழக்கறிஞர் கேஸ்லி ஹேஃபோர்டும் நண்பர்களும் அக்ராவில் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸைக் கூட்டினார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், சிவில் பணிகளில் பாகுபாடின்மை. லண்டனுக்குத் தூதுக்குழு போனது. காலனி அமைச்சகம் கைவிரித்துவிட்டது. படித்த சிறு கூட்டம் ஒன்று எல்லோருக்காகவும் பேச முடியாது என்பதுதான் அதற்குக் கிடைத்த பதில். உள்ளூரிலேயே குலத்தலைவர்கள் சிலர் அந்தப் பதிலுக்கு ஒத்து ஊதினார்கள்.

ஆக, ஒரு போர் ஒன்றையும் அசைக்கவில்லை. அடுத்த போர் எல்லாவற்றையும் அசைத்தது. சிப்பாயின் வீரம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது.

முதலில் அளவு. 1939க்குப் பிறகு கோல்ட் கோஸ்டில் படைக்குச் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 65,000 முதல் 70,000 பேர். நாட்டின் மக்கள்தொகை அப்போது நாற்பது லட்சம் அளவில்தான். 1941இல் இவர்கள் இத்தாலியர்களை எதிர்த்து சோமாலியாவில் ஜூபா ஆற்றைக் கடந்தார்கள். 1943இல் மேற்கு ஆப்பிரிக்காவின் நான்கு பிரிட்டிஷ் காலனிகளிலிருந்தும் ஆள் திரட்டி 81ஆம், 82ஆம் டிவிஷன்கள் அமைக்கப்பட்டு இந்தியா வழியாகப் பர்மாப் போர்முனைக்கு அனுப்பப்பட்டன. 81ஆம் டிவிஷனின் தோள்பட்டைச் சின்னம் ஒரு சிலந்தி: அசாந்தி மக்களின் கதைகளில் வரும் தந்திரக்காரன் அனான்சி.

அந்த டிவிஷன் இறங்கிய கலடான் பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரக்கான் மலைகளுக்கு நடுவே, சாலை என்று சொல்ல எதுவுமில்லாத காடு. உள்ளே போவதற்கே முதலில் பாதை போட வேண்டியிருந்தது. சிரிங்கா என்ற ஊரிலிருந்து கிட்டத்தட்ட 75 மைலுக்கு மண்வெட்டி, கோடரி கொண்டு வெட்டிய ஜீப் பாதைக்கு ‘மேற்கு ஆப்பிரிக்க வழி’ என்றே பெயர் வந்தது. அதற்கு அப்பால் ஜீப்பும் போகாது. உணவும் குண்டும் வானிலிருந்து பாராசூட்டில் விழும். விழுந்ததைத் தலைச்சுமையாகத் தூக்கிப்போக ஒவ்வொரு படைப்பகுதியோடும் சுமைக்காரர் பிரிவு ஒன்று நடந்தது. அவர்களும் சீருடை அணிந்த படையாட்கள்தான். பீரங்கியின் பாகங்கள், அரிசி மூட்டை, காயம்பட்டவனைக் கிடத்திய தூக்குக்கட்டில் எல்லாம் தலையில் ஏறின. சேறு முழங்கால் அளவு இருக்கும். கைகள் சுமையைப் பிடித்திருக்கும்போது எதிரி சுட்டால் முதலில் சுமையை இறக்க வேண்டும். 1945 ஜனவரியில் மியோஹாங் பிடிபட்டது. பிரிட்டிஷ் 14ஆம் படையே ‘மறக்கப்பட்ட படை’ என்று அழைக்கப்பட்டது. அதற்குள் இவர்கள் இன்னும் மறக்கப்பட்டவர்கள்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1944இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐஎன்ஏ) ஒரு பட்டாலியன், மேஜர் ரதூரியின் தலைமையில், கலடான் பகுதியில் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் துருப்புகளோடு மோதியதாக ஐஎன்ஏ தரப்பு நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இரண்டு காலனிகளின் ஆட்கள் மூன்றாவது நாடொன்றின் காட்டில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒரு தரப்பு பிரிட்டனை எதிர்த்து ஆயுதம் எடுத்தது. மறுதரப்பு பிரிட்டனுக்காக எடுத்தது. பிந்தைய தரப்பு கடைசிவரை விசுவாசமாகவே இருந்தது. இந்திய விடுதலைக் கதைக்குப் பழக்கப்பட்ட கண்ணோடு கானாவைப் பார்ப்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். அங்கே செங்கோட்டை விசாரணை இல்லை. 1946இன் பம்பாய் கடற்படைக் கலகம் போன்ற ஒன்றும் இல்லை.

சிப்பாய்கள் யார் என்று பார்த்தால் இது புரியும். துப்பாக்கி தூக்கிய காலாட்படையினரில் பெரும்பகுதியினர் காலனியின் வடக்குப் பிரதேசங்களைச் சேர்ந்தவர்கள். வறண்ட நிலம், பள்ளிக்கூடம் அபூர்வம். ஆட்சேர்ப்புக்கு மாவட்ட அதிகாரி குலத்தலைவரிடம் எண்ணிக்கை சொல்வார். தலைவர் ஆட்களை அனுப்புவார். விரும்பிச் சேர்ந்தவர்கள் உண்டு, சேர்த்துவிடப்பட்டவர்களும் உண்டு. தெற்கிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ஓட்டுநர், எழுத்தர், தந்தியாளர், மருத்துவ உதவியாளர் போன்ற வேலைகளில் சேர்ந்தார்கள். அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியராக இருந்த செத் ஆன்டனி 1942இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரியாக நியமனம் பெற்றார். ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அப்படி நியமனம் கிடைத்தது அதுவே முதல்முறை. அதற்கு 1942 வரை ஆனதே, அதைத்தான் கவனிக்க வேண்டும்.

போர் முடிந்ததும் வடக்கத்திச் சிப்பாய் பெரும்பாலும் ஊருக்கே போனான். கையில் இருந்த காசுக்கு மாடு வாங்கினான், பெண் கட்டினான், உழுதான். டேவிட் கில்லிங்ரே என்ற வரலாற்றாசிரியர் 1980களில் காலனி ஆவணங்களைத் துருவி, முன்னாள் படைவீரர்கள் தேசிய இயக்கத்தின் முன்னணிப் படையாக இருந்தார்கள் என்பது மிகையான கூற்று என்று வாதிட்டார். ஏட்ரியன் இஸ்ரேல் முன்னாள் வீரர்களிடமே பேட்டி எடுத்து, போர் அனுபவம் அவர்களின் பார்வையை மாற்றத்தான் செய்தது என்று மறுதரப்பை எழுதினார். இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கில்லிங்ரேயின் எண்ணிக்கைக் கணக்கு சரியென்றும், ஆனால் அது கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றும் தோன்றுகிறது. எத்தனை பேர் அரசியலுக்கு வந்தார்கள் என்பதைவிட, வந்த சிலர் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதே முக்கியம். அவர்கள் நின்றது அக்ராவில், கும்மாசியில், கடைவீதிகளில். ஓட்டுநர் வேலை கற்றவனுக்கு ஓட்ட லாரி இல்லை. தந்தி கற்றவனுக்குத் தபால் நிலையத்தில் இடமில்லை. அவன் தெருவில் இருந்தான்.

அந்தத் தெருவைப் போர் ஏற்கெனவே வேறு மாதிரி ஆக்கி வைத்திருந்தது. தக்கோராடியில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய போர் விமானங்கள் அங்கேயே பூட்டப்பட்டு, சஹாராவின் தெற்கு விளிம்பு வழியாகக் கெய்ரோவுக்குப் பறந்தன; 5,000க்கும் மேற்பட்ட விமானங்கள் இந்த வழியில் போயின. அக்ராவில் அமெரிக்க விமானத்தளம் வந்தது. அவாசோவில் பாக்சைட் தோண்ட ரயில் பாதை போட்டார்கள். காசு புழங்கியது, வாங்கத்தான் பொருள் இல்லை. துணி, சர்க்கரை, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பல் வந்தால்தான் உண்டு. இறக்குமதியைக் கையில் வைத்திருந்தவை சில ஐரோப்பிய நிறுவனங்கள். அவை சேர்ந்து அமைத்த மேற்கு ஆப்பிரிக்க வணிகர் சங்கம் பங்கீட்டைத் தீர்மானித்தது. சந்தைப் பெண்கள் அவர்களிடம்தான் சரக்கெடுக்க வேண்டும்.

கொக்கோ விவசாயியின் கதை இன்னும் கசப்பு. உலகிலேயே அதிகம் கொக்கோ விளைந்த காலனி அது. போர்க்காலத்தில் விளைச்சலை முழுக்க அரசே நிர்ணய விலைக்கு வாங்கிக்கொண்டது. உலக விலை ஏறியபோது மிச்சம் லண்டன் கணக்கில் தங்கியது. அது போதாதென்று தண்டு வீங்கும் நோய் வந்தது. நோய்ப்பட்ட மரத்தை வெட்டுவதைத் தவிர மருந்தில்லை என்பது விஞ்ஞானப்படி சரிதான். ஆனால் அரசு ஆட்கள் கோடரியோடு தோப்புக்குள் வரும்போது, காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தின் கீழே நிற்பவனிடம் விஞ்ஞானம் பேசி என்ன பயன்? ‘காசையும் பிடித்துக்கொண்டான், மரத்தையும் வெட்டுகிறான்’ என்றுதான் அவன் கணக்குப் போட்டான்.

இதற்கிடையே ஆளுநர் ஆலன் பர்ன்ஸ் தன் பங்குக்குச் சில கதவுகளைத் திறந்தார். 1942இல் நிர்வாகக் குழுவில் முதல்முறையாக இரண்டு ஆப்பிரிக்கர்கள் இடம்பெற்றார்கள். 1946இல் புது அரசியலமைப்பு வந்தது. பிரிட்டிஷ் ஆப்பிரிக்காவிலேயே முதல்முறையாகச் சட்டமன்றத்தில் ஆப்பிரிக்கப் பெரும்பான்மை. போரில் உதவியதற்கான பரிசு என்றே லண்டன் அதைக் கருதியது. பரிசு கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மதிப்பு ஒன்றாகத் தெரியவில்லை. அதிகாரம் ஆளுநரிடமே இருந்தது. உறுப்பினர்களில் பலரைக் குலத்தலைவர்களின் மன்றங்கள் தேர்ந்தெடுத்தன. 1941இல் சர்ச்சிலும் ரூஸ்வெல்டும் வெளியிட்ட அட்லாண்டிக் பிரகடனத்தில் எல்லா மக்களுக்கும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை என்று எழுதியாகிவிட்டது. அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளுக்குத்தான் என்று சர்ச்சில் பிறகு நாடாளுமன்றத்தில் சொல்லிப் பார்த்தார். எழுதியதைப் படித்தவர்கள் லண்டனில் படித்த மேற்கு ஆப்பிரிக்க மாணவர்கள், அவர்கள் விடுவதாயில்லை.

1947 ஆகஸ்டில் ஜே.பி. டான்குவாவும் வேறு வழக்கறிஞர்கள், வணிகர்களும் ஐக்கிய கோல்ட் கோஸ்ட் மாநாடு என்ற கட்சியைத் தொடங்கினார்கள். அதன் செயலாளராக டிசம்பரில் வந்து சேர்ந்தவர் குவாமே நிக்ருமா. நல்ல கட்சி, கோட்டு போட்ட கட்சி. தெரு அவர்களிடம் இல்லை.

தெருவை முதலில் அசைத்தவர் நீ குவாபெனா பான் என்ற அக்ராப் பகுதித் தலைவர். சொந்தமாக வியாபாரமும் செய்தவர். விலை குறைக்காவிட்டால் ஐரோப்பியர், சிரியர் கடைகளில் யாரும் எதுவும் வாங்கக்கூடாது என்று 1948 ஜனவரி 26 அன்று புறக்கணிப்பைத் தொடங்கினார். ஒரு மாதம் நீடித்தது. கடைசியில் நிறுவனங்கள் மொத்த லாப விகிதத்தை 75 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாகக் குறைக்க ஒப்புக்கொண்டன. புறக்கணிப்பு பிப்ரவரி 28 சனிக்கிழமை விலக்கிக்கொள்ளப்பட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஷில்லிங்குக்கு வந்த துணியை 75 விழுக்காடு லாபத்தில் 35 ஷில்லிங்குக்கு விற்றார்கள். 50 விழுக்காடு என்றால் 30 ஷில்லிங். குறைவது 5 ஷில்லிங், அதாவது ஏழில் ஒரு பங்கு. ஒரு மாதம் வாங்காமல் பொறுத்திருந்து, விலை பாதியாகிவிடும் என்று நம்பி அன்று காலை கடைக்குப் போனவர்கள் 35 இருந்த இடத்தில் 30ஐக் கண்டார்கள். ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தார்கள்.

அதே சனிக்கிழமை முன்னாள் படைவீரர் சங்கம் ஊர்வலம் போனது. ஓய்வூதியம், வேலை, கொடுத்த வாக்குறுதிகள் பற்றிய மனு. காவல்துறை அனுமதித்த பாதை தலைமைச் செயலகத்துக்கு. கூட்டம் பெருகி ஏறத்தாழ 2,000 பேர் ஆனதும் ஊர்வலம் திசை மாறி, ஆளுநர் குடியிருந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டைப் பக்கம் திரும்பியது. டேனியர்கள் அடிமை வணிகத்துக்குப் பயன்படுத்திய கோட்டை அது. குறுக்குச் சாலையில் காவல் கண்காணிப்பாளர் காலின் இம்ரே சிறிய காவலர் குழுவோடு மறித்தார். கலையச் சொன்னார், கலையவில்லை. கல் பறந்தது. சுட உத்தரவிட்டார், ஆப்பிரிக்கக் காவலர்கள் சுடவில்லை. அருகில் இருந்தவரின் துப்பாக்கியைப் பிடுங்கித் தானே சுட்டார். மூன்று பேர் விழுந்தார்கள்: சார்ஜன்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிபோ, பிரைவேட் ஓடார்ட்டே லாம்ப்டே.

செய்தி கடைவீதிக்குப் போனபோது அங்கே விலையைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்த கூட்டம் இருந்தது. ஐரோப்பிய நிறுவனங்களின் கடைகள் எரிந்தன. கலவரம் கும்மாசிக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. முடிவில் 29 பேர் இறந்தார்கள், 237 பேர் காயமடைந்தார்கள் என்று விசாரணை ஆணையம் கணக்கெடுத்தது.

இந்த ஊர்வலம் அடுத்த வாரம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம். ஆனால் தற்செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விலையும் வேலையின்மையும் கொக்கோவும் சேர்ந்து வைத்த வெடிமருந்து அது. திரி மட்டும் சிப்பாய் கையில் இருந்தது. அவன் கையில் இருந்ததற்கும் பொருள் உண்டு. கேஸ்லி ஹேஃபோர்டை ‘படித்த சிறு கூட்டம்’ என்று தள்ளிவிட முடிந்தது. இவர்களை அப்படிச் சொல்ல முடியாது. மன்னரின் பதக்கம் அணிந்தவர்கள், கலகக்காரர்கள் அல்லர், கம்யூனிஸ்டுகளும் அல்லர். அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். அரசு குண்டால் பதில் சொன்னது. விசுவாசமே அவர்களின் வாதமாக இருந்ததால் அதற்கு மறுப்புச் சொல்ல லண்டனிடம் வார்த்தை இல்லை.

ஆளுநர் ஜெரால்டு கிரீசி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவசரநிலை அறிவித்து, சதி என்று சொல்லி, டான்குவா, நிக்ருமா உள்ளிட்ட ஆறு கட்சித் தலைவர்களைப் பிடித்து வடக்குப் பிரதேசங்களுக்கு அனுப்பினார். கலவரத்தை அவர்கள் திட்டமிடவில்லை. ஆனால் கைது அவர்களைத் தேசத் தலைவர்களாக்கியது. ‘பெரிய அறுவர்’ என்று பட்டம் பெற்ற அவர்களின் முகங்கள் இன்றும் கானாவின் பணத்தாளில் இருக்கின்றன.

கலவரத்தை விசாரிக்க வாட்சன் ஆணையம் ஏப்ரலில் வந்தது. அதன் அறிக்கை லண்டன் எதிர்பார்த்ததைவிட நேர்மையாக இருந்தது. 1946 அரசியலமைப்பு பிறக்கும்போதே காலாவதியாகிவிட்டது என்று சொன்னது. காரணங்களின் பட்டியலில் திரும்பிவந்த படைவீரர்களின் ஏமாற்றம் முன்னிலையில் இருந்தது. இந்தியா, பர்மா, இலங்கை ஆகியவற்றின் விடுதலையைக் கோல்ட் கோஸ்ட் மக்கள் கவனிக்காமல் இல்லை என்பதையும் குறிப்பிட்டது. தேதிகளைப் பாருங்கள்: பர்மா 1948 ஜனவரி 4, இலங்கை பிப்ரவரி 4. கோட்டை முன் துப்பாக்கிச்சூடு நடந்தது இலங்கை சுதந்திரக் கொடியேற்றி 24 நாள் கழித்து. தாங்கள் எந்த நாட்டை மீட்கச் சண்டையிட்டார்களோ அந்தப் பர்மாவே விடுதலை பெற்றுவிட்டது. மீட்டவன் ஓய்வூதிய மனுவோடு நின்றுகொண்டிருந்தான்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. நீதிபதி கூசி தலைமையில் முழுக்க ஆப்பிரிக்கர்களே கொண்ட குழு புதிய அரசியலமைப்பை வரைந்தது. நிதானம் பேசிய வழக்கறிஞர்களை விட்டுப் பிரிந்து நிக்ருமா 1949 ஜூன் 12 அன்று மக்கள் மாநாட்டுக் கட்சியைத் தொடங்கினார். ‘இப்போதே தன்னாட்சி’ என்பது அதன் முழக்கம். 1950இல் சிறை. 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே அக்ரா மத்தியத் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 பெற்றார். 1957 மார்ச் 6 அன்று கானா பிறந்தது.

போர்ப் பங்கேற்பு எங்கும் இப்படியே முடிந்ததா என்றால், இல்லை. செனகலில் தியாரோய் முகாமில் 1944 டிசம்பர் 1 அன்று, ஜெர்மன் சிறைகளிலிருந்து மீண்ட ஆப்பிரிக்க வீரர்கள் சம்பள பாக்கி கேட்டபோது பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டது. கோரிக்கை ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே ஆணையம் இல்லை, செய்தி அமுக்கப்பட்டது, செனகல் விடுதலைக்கு 1960 வரை ஆனது. கென்யாவில் பர்மாவுக்குப் போய்த் திரும்பிய வருகியு இடோட்டே ‘ஜெனரல் சைனா’ என்ற பெயரில் மௌ மௌ காட்டுப் படைக்குத் தலைமை தாங்கினார்; அங்கே வெள்ளைக் குடியேறிகளின் நிலம் நடுவில் இருந்தது. கோல்ட் கோஸ்டில் அப்படிக் குடியேறிகள் இல்லை. விட்டுக்கொடுப்பது பிரிட்டனுக்கு மலிவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘பர்மா கண்ணைத் திறந்தது’ என்ற கதையை ஏற்கத் தயங்குவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. போர் உருவாக்கிய சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் படையிலேயே தங்கினார்கள். காலனிப் படை அப்படியே கானாப் படையானது. 1961 செப்டம்பர் வரை அதன் தலைமையில் பிரிட்டிஷ் ஜெனரல்தான் இருந்தார். 1939இல் கோல்ட் கோஸ்ட் படைப்பிரிவில் சேர்ந்து, 1947இல் அதிகாரியானவர் ஜோசப் அங்க்ரா. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவமும் காவல்துறையும் சேர்ந்து நிக்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தபோது நாட்டின் தலைவராக அமர்த்தப்பட்டவர் அவர்தான்.